கன்சாஸ் மேட்டில் எக்கினேசியா

வெள்ளி, ஸ்ட்ராங் சிட்டி

ஹோமியோபதி மருந்துக் கடைக்குப் போய்வந்தவர்களுக்கு எக்கினேசியா என்ற பெயர் புதிதாக இருக்காது. அமெரிக்காவில் அது மாத்திரை, தேநீர், இருமல் மிட்டாய் என்று மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும் சளிக்காலச் சரக்கு. யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், அந்தச் செடி தன் பாட்டுக்கு முளைத்துக் கிடக்கும் இடங்களில் ஒன்று கன்சாஸ் மாநிலத்தின் வறண்ட புல்வெளி. ஜூன் கடைசி, பூக்கும் காலம். தம்பி கன்சாஸ் சிட்டி பக்கத்தில் ஓவர்லேண்ட் பார்க்கில் இருக்கிறான். இதற்குமேல் என்ன வேண்டும்?

"அக்கா, ஊர்லேர்ந்து வர்றவங்க நயாகரா கேப்பாங்க, நியூயார்க் கேப்பாங்க. நீ மாடு மேயுற இடத்தக் கேக்குற" என்று முனகிக்கொண்டேதான் லீவு போட்டான். அப்பா மதுரை கீழமாசி வீதியில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தவர். வேர், பட்டை, விதை என்றால் எனக்குக் கால் நிற்காது. தம்பிக்கு அந்தக் கடை வாசனையே ஆகாது.

எம்போரியா ஊர் தாண்டியதும் நிலம் மாறுகிறது. சோள வயலும் சோயா வயலும் குறைந்து, மரமே இல்லாத பச்சை மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ஃப்ளின்ட் ஹில்ஸ். 1806-ல் இந்தப் பக்கம் வந்த செபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரி தன் குறிப்பில் வைத்த பெயர். மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதற்குள் அடுக்கடுக்காகச் சிக்கிமுக்கிக்கல். குடியேறி வந்தவர்கள் கலப்பையை இறக்கிப் பார்த்தார்கள், கல்தான் பெயர்ந்தது. சரி, மாடு மேய்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். வட அமெரிக்காவின் நடுவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர் உயரப்புல் வெளி (டால்கிராஸ் பிரெய்ரி) இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியது அதில் 4 சதவீதத்துக்கும் குறைவு, அந்த மிச்சத்திலும் பெரும்பகுதி இந்தக் கல்மேட்டில்தான். நல்ல மண் இருந்த இடத்திலெல்லாம் புல் போய்விட்டது.

பக்கத்து ஊர் காட்டன்வுட் ஃபால்ஸில் 1873-ல் கட்டிய நீதிமன்றம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் கட்டடம், உச்சியில் பிரெஞ்சுப் பாணிக் கூரை, கடிகாரம். அதன் படியில் உட்கார்ந்து தம்பி மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். மாட்டுக்கறிக்குப் பேர்போன ஊரில் சைவம் தேடுவதைவிட இது உத்தமம்.

சனி, டால்கிராஸ் பிரெய்ரி காப்பகம்

1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய காப்பகம், ஏறக்குறைய 11,000 ஏக்கர். நிலத்தின் பெரும்பகுதி இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றுக்குச் சொந்தம், நிர்வாகத்தில் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்திருக்கிறது. நுழைந்ததும் 1881-ல் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் கட்டிய மாளிகையும் மூன்றடுக்குக் கல் தொழுவமும். தம்பி அங்கேயே நின்றுவிட்டான். நான் மேட்டுப் பாதையைப் பிடித்தேன்.

உயரப்புல் என்று பெயரே தவிர, ஜூனில் அது முழங்கால் அளவுதான். ஆளுயரம் வர செப்டம்பர் ஆகவேண்டும். அதனால்தான் இந்த மாதத்தில் பூக்கள் தலைகாட்ட முடிகிறது. ஆரஞ்சு நிறத்தில் பட்டாம்பூச்சி எருக்கு வகை, சாம்பல் இலையோடு ஊதாக் கதிர் விடும் லெட் பிளான்ட், விரல் நுனி அளவு ஊதாப் பிரெய்ரி க்ளோவர். எக்கினேசியா மட்டும் பள்ளத்தில் இல்லை. தண்ணீர் தேங்கும் இடம் அதற்கு ஆகாது. கல் துருத்திக்கொண்டு மண் மெலிந்த மேட்டு விளிம்பில்தான் முதல் கூட்டம் கண்ணில் பட்டது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். தண்டு ஒன்றரை அடி, கிளை கிடையாது, உச்சியில் ஒரே பூ. தண்டிலும் இலையிலும் சுரசுரவென்று விறைத்த ரோமம். இலை ஒடுங்கி நீண்டது, அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் கூடவே ஓடுகின்றன. பூவைச் சுற்றி வெளிர் ஊதா இதழ்கள், சற்றே கீழ்நோக்கி வளைந்து. நடுவில் குமிழாக எழுந்த தலை. அந்தத் தலைதான் விஷயமே. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் குத்துகிறது. ஒவ்வொரு சின்னப் பூவுக்கும் பக்கத்தில் ஒரு விறைத்த செதில், நுனியில் செம்மஞ்சள். சாய்வெயிலில் தலை முழுக்கத் தணல் பூத்ததுபோல் தெரிவதற்கு இந்தச் செதில்கள்தான் காரணம். சின்னப் பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக விரிகின்றன. இன்றைய வட்டத்தில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மஞ்சளா என்று பார்ப்பது முக்கியம். இதே மாநிலத்தின் கிழக்கில் எக்கினேசியா பாலிடா என்று இன்னொரு வகை உண்டு, மகரந்தம் வெள்ளை, இதழ்கள் தொங்கித் துவண்டிருக்கும். நேற்று வழியில் ஒரு வைக்கோல் நிலத்தோரம் வாடிக்கொண்டிருந்தது அது. நான் தேடி வந்தது ஒடுக்க இலை வகை, எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா. வறட்சிக்குப் பிறந்த செடி, கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை சமவெளியின் காய்ந்த பகுதியெல்லாம் அதன் ராஜ்ஜியம்.

தூரத்து மேட்டில் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) மந்தை. 2009-ல் மறுபடி கொண்டுவந்து விட்டவை. நூறு கெஜத்துக்குள் போகாதே என்று பலகை சொல்கிறது. தம்பி அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே "போதும்க்கா, வா" என்றான்.

ஞாயிறு, கவுன்சில் க்ரோவ் வழியாக கோன்சா

வடக்கே போகும் 177-ஆம் எண் சாலையில் கவுன்சில் க்ரோவ். கன்சாஸ் என்ற பெயருக்கே சொந்தக்காரர்களான கா பூர்வகுடி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் இங்கேதான் இருந்தது. 1873-ல் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே நிலத்தில் ஒரு துண்டைப் பின்னாளில் அவர்களே காசு கொடுத்து வாங்கிப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் கும்பிட்ட பெரிய செங்கல் நிறப் பாறை ஒன்றை 1929-ல் லாரன்ஸ் நகரத்தார் எடுத்துப்போய்த் தங்கள் முன்னோர் பெயர்ப் பலகையை அதில் பதித்துவிட்டார்கள். 2024-ல்தான் அது அவர்கள் கைக்குத் திரும்பி, இந்தப் பூங்காவுக்கு வந்தது. எடை சுமார் 28 டன். எடுத்துக்கொண்டு போவதற்கு மட்டும் அந்த எடை யாருக்கும் தடையாக இருந்ததில்லை.

எக்கினேசியாவைச் சமவெளிப் பூர்வகுடிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்ராஸ்காவில் மெல்வின் கில்மோர் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பாம்புக்கடிக்கும் பூச்சிக்கடிக்கும் வேர், பல்வலிக்கு வேரை மெல்லுதல், தீப்புண்ணுக்குச் சாறு. காய்ந்த பூத்தலையைத் தலைவாரும் சீப்பாகவும் வைத்திருந்தார்களாம். நேற்று உள்ளங்கையில் அது குத்தியதை நினைத்தால், முடி சிக்கெடுக்கத் தோதான சாமான்தான்.

மதியம் கோன்சா. மன்ஹாட்டன் என்ற ஊருக்குத் தெற்கே (நியூயார்க் மன்ஹாட்டன் வேறு, இது கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்) சுமார் 8,600 ஏக்கர் ஆராய்ச்சி நிலம். நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றை வருஷாவருஷம் கொளுத்துகிறார்கள், சிலவற்றை 2 வருஷத்துக்கு ஒருமுறை, சிலவற்றை 4 வருஷத்துக்கு ஒருமுறை, சிலவற்றை 20 வருஷத்துக்கு ஒருமுறை. பொதுமக்கள் நடக்கும் பாதையில் ஏறினால் வித்தியாசம் கண்ணால் தெரியும். அடிக்கடி தீ கண்ட சரிவு வழவழவென்று புல். தீ காணாத சரிவில் ஜூனிபர் மரங்கள், நம்மூர்க் கண்மாயில் சீமைக்கருவேலம் மாதிரி மண்டிக்கிடக்கின்றன. ஜூனிபர் இந்த மண்ணின் மரமே என்றாலும், தீயை நிறுத்தினால் புல்வெளியை விழுங்கிவிடும். பூர்வகுடிகள் கொளுத்தினார்கள், இன்றைய பண்ணைக்காரர்களும் மார்ச், ஏப்ரலில் கொளுத்துகிறார்கள்.

எக்கினேசியாவுக்கும் தீ வேண்டும். மினசோட்டாவில் ஸ்டூவர்ட் வாகெனியஸ் குழுவினர் 1990-களிலிருந்து இந்தச் செடிகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பின்தொடர்கிறார்கள். 2020-ல் வெளியிட்ட முடிவு இது: தீ வைத்த அடுத்த கோடையில் செடிகள் கூட்டமாக, ஒரே நேரத்தில் பூக்கின்றன. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, நெருங்கிய உறவிலும் பல சமயம் ஏற்காது. நாற்பது அடி தள்ளி நிற்கும் இன்னொரு செடி அதே வாரம் பூத்திருந்தால்தான் விதை. தீ இல்லாத வருஷங்களில் ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்திப் பூக்கும், ஒன்று பூக்காமலே இலையோடு இருந்துவிடும். முதல் பூவுக்கே பல வருஷம் காத்திருக்கும் செடி, அவசரம் அதற்கு இல்லை.

இரவு விடுதியில் கணுக்காலில் ஆரம்பித்தது அரிப்பு. சிகர் என்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி இனம். சாக்ஸ் விளிம்பில் வரிசையாகக் கடித்திருக்கிறது.

திங்கள், 24-ஆம் எண் சாலை

மேற்கே முழுநாள் கார். க்ளே சென்டர், பெலாய்ட், ஆஸ்போர்ன். ஒவ்வொரு மைலுக்கும் ஒரு குறுக்குச்சாலை, கோடு போட்டதுபோல். காக்கர் சிட்டியில் உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் கற்றாழைநார்க் கயிற்று உருண்டை இருக்கிறது, 1953-ல் ஒரு விவசாயி சுற்றத் தொடங்கியது, ஊர்க்காரர்கள் இன்னும் சுற்றுகிறார்கள். தம்பி இந்தப் பயணத்தில் முதல்முறையாகத் தானாகவே வண்டியை நிறுத்தினான்.

பெலாய்ட் பக்கமிருந்து வேலிக்கால் எல்லாம் கல். மரம் இல்லாத நாடு, கம்பத்துக்கு எங்கே போவது? மண்ணுக்கடியில் ஒரு சாண் கனத்தில் சுண்ணாம்புக்கல் பாளம் ஓடுகிறது, வெட்டும்போது மெத்தென்று இருந்து காற்றுப் பட்டால் இறுகும். துளையிட்டு ஆப்பு அடித்துப் பிளந்து நட்டிருக்கிறார்கள். ஒன்றைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும்.

மாலை ஸ்டாக்டன், ரூக்ஸ் கவுண்டியின் தலைநகர். மழை இங்கே கிழக்கைவிட நன்றாகக் குறைவு, புல்லும் குட்டை. எக்கினேசியா வேர் வெட்டும் தொழில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்த வட்டாரம் இது.

செவ்வாய், ரூக்ஸ் கவுண்டி

காலைப் பலகாரக் கடையில் பக்கத்து மேசைப் பெரியவரிடம் தம்பிதான் பேச்சுக் கொடுத்தான். கோதுமை, மாடு இரண்டும் வைத்திருப்பவர், எழுபது வயதுக்கு மேல். இந்தியாவிலிருந்து பூ பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டு, "சின்ன வயசில் லீவில் நாங்கள் வேர் வெட்டித்தான் கைக்காசு பார்ப்போம்" என்றார். அரைமணியில் அவருடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

அவருடைய மேய்ச்சல் மேடு வெள்ளைக் கல்லாக இருந்தது. கல்லுக்குக் கல் இடைவெளியில் ஊதாப் பூ, காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து. மாட்டை அதிகம் விட்டால் இது குறைந்துவிடும், அதனால் இந்தப் பக்கம் அளவாகத்தான் விடுவேன் என்றார். 1990-களின் கடைசியில் வேர் விலை ஏறியபோது சாலையோரங்களிலும் அடுத்தவர் நிலத்திலும் இரவோடிரவாகத் தோண்டினார்களாம். அவர் மேட்டிலும் ஒருமுறை குழி குழியாக விட்டுப் போயிருக்கிறார்கள். "கேட்டிருந்தால் நானே விட்டிருப்பேன்" என்றபோதுதான் அவர் குரல் கொஞ்சம் ஏறியது.

வெட்டிக் காட்டச் சொன்னேன். பூத்து முடித்த ஒரு செடியைத் தேடி, ஒடுங்கிய கோடாலி போன்ற கொத்தை எடுத்துச் செடிக்கு ஒரு சாண் தள்ளி நாலு கொத்து. நெம்பினார். வெளியே வந்தது விரல் கனத்தில், முழங்கை நீளம்கூட இல்லாத துண்டு. மிச்சம் கீழே நின்றுவிட்டது. ஆறடிக்கும் கீழே இறங்கக்கூடிய ஆணிவேர் இது, முழுசாகத் தோண்ட யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பொறுமை இருந்த ஒருவர் ஜான் வீவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்காரர், பிரெய்ரியில் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, உள்ளே இறங்கி, ஒவ்வொரு செடியின் வேரையும் சுரண்டியெடுத்துப் படமாக வரைந்தவர். 1930-களின் பெரும் வறட்சியில் எது செத்தது, எது பிழைத்தது என்பதற்கு அவர் பதிவுகளில்தான் விளக்கம் இருக்கிறது: மேல்மண்ணை நம்பிய செடிகள் போயின, ஆழ வேர்விட்டவற்றில் பல மிஞ்சின.

அறுந்து நின்ற வேரிலிருந்து மறுபடி துளிர் வருமா? பாதிக்குப் பாதி வரும், ஆனால் வெட்டும் தடிமனுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்றார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கின்ட்ஷர் இதே வட்டாரத்தில் ஆராய்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். வெட்டுகிறவர்கள் ஒரே மேட்டுக்கு அடுத்தடுத்த வருஷம் வராதவரை செடி தாங்கும்.

வேரைத் துடைத்துப் பேனாக்கத்தியால் சீவி ஒரு சில்லு கொடுத்தார். வெளியே கரும்பழுப்பு, உள்ளே வெளிறிய நிறத்தில் கருங்கோடுகள் சக்கரத்தின் ஆரம்போல. வாயில் போட்டதும் லேசான இனிப்பு. பிறகு கசப்பு. பிறகு நாக்கின் நுனியில் சுருசுருவென்று ஏறி, வாயெல்லாம் எச்சில் ஊறி, உதடு மரத்தது.

"டேய், அக்கரகாரம்டா!" என்றேன்.

தம்பியும் ஒரு சில்லு மென்று பார்த்து, "அப்பா பல்வலிக்குக் குடுப்பாரே, அதேதான்" என்றான். கடை வாசனை ஆகாதவனுக்கு ருசி மட்டும் மறக்கவில்லை. அக்கரகாரம் வட ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடி, எக்கினேசியா அமெரிக்கச் சமவெளிச் செடி. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், இரண்டு வேரிலும் நாக்கை மரக்கவைப்பது ஆல்கைலமைடு என்ற ஒரே வகைப் பொருள். நம்மூர் வயலோரத்துப் பல்வலிப்பூண்டிலும் அதே வகைதான். ஒன்றுக்கொன்று தெரியாத ஊர்களில், எழுத்தும் வியாபாரமும் தொடாத தூரத்தில், பல்வலிக்காரர்கள் எல்லாரும் ஒரே பொருளை மென்றிருக்கிறார்கள். பெரியவருக்கு இதைத் தம்பி மொழிபெயர்த்தான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வேர் வாங்க வருகிற வியாபாரியும் முதலில் மென்றுதான் பார்ப்பான், மரக்காவிட்டால் விலை கிடையாது" என்றார். எங்கள் அப்பாவும் மூட்டை பிரித்ததும் அக்கரகாரத்தை மென்று பார்த்துத்தான் இறக்குவார்.

புதன், நிக்கோடிமஸ், ஹேஸ்

ஸ்டாக்டனுக்கு மேற்கே அரைமணியில் நிக்கோடிமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு 1877-ல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் உண்டாக்கிய ஊர். முதல் குளிர்காலத்தை மண்ணில் தோண்டிய குழிவீடுகளில் கழித்தார்கள். ரயில்பாதை ஊரைத் தொடாமல் போனதும் ஊர் மெலிந்துவிட்டது. இன்று சில குடும்பங்களும் தேசிய நினைவிடமும். தனியாகவே எழுதவேண்டிய ஊர், இன்னொரு சமயம்.

ஹேஸில் மருந்துக்கடை ஏறினோம். எக்கினேசியா குப்பிகள் ஓர் அலமாரி முழுக்க. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்த தம்பி, "அக்கா, பாதிக்கு மேல வேற பேர் போட்டிருக்கு. பர்ப்யூரியாவாம். நாம பார்த்தது இல்லையே?" என்றான்.

எக்கினேசியாவிலேயே இன்னொரு வகை அது, அதற்கு ஒரு கதை உண்டு. நெப்ராஸ்காவின் பானீ சிட்டியில் மேயர் என்ற ஜெர்மானியர் நாங்கள் பார்த்த அங்குஸ்டிஃபோலியா வேரைப் போட்டு ரத்தசுத்தி மருந்து விற்றார். 1880-களில் சின்சினாட்டி மருந்து நிபுணர் ஜான் யூரி லாய்டுக்கு எழுதி, சாரைப்பாம்பு இல்லை, நிஜ விரியன் வகை ராட்டில்ஸ்னேக்கைக் கடிக்கவிட்டு, மருந்தால் பிழைத்துக் காட்டுகிறேன் என்றாராம். லாய்டு அதற்குச் சம்மதிக்கவில்லை, ஆனால் வேரை ஆராய்ந்து பிறகு அவருடைய நிறுவனமே பெரிய அளவில் விற்றது. 1909-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதில் சரக்கில்லை என்று தள்ளியது. பிறகு ஜெர்மனியின் கெர்ஹார்ட் மாடவுஸ் 1930-களில் அங்குஸ்டிஃபோலியா விதை தேடி அமெரிக்கா வந்து, வாங்கிப் போய் விதைத்தபோது முளைத்தது பர்ப்யூரியா. அது தோட்டத்தில் சுலபமாக வளரும், ஆணிவேர் கிடையாது, சல்லிவேர். ஐரோப்பிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் அதன்மேல் நடந்தன, தொழிற்சாலைகளும் அதையே பிடித்துக்கொண்டன.

சளிக்கு நிஜமாகக் கேட்குமா? 2005-ல் அங்குஸ்டிஃபோலியா வேரை வைத்துச் சுமார் 400 பேரிடம் சளிக்கிருமி ஏற்றிப் பார்த்த சோதனையில் பலன் ஒன்றும் தெரியவில்லை. வேறு சில தயாரிப்புகள் லேசாக உதவலாம் என்று பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் இழுத்தடிக்கின்றன. பல்வலிக்கு மரத்துப்போகும் என்பதை மட்டும் நான் என் நாக்கை வைத்தே சொல்வேன். குப்பி வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் சரியான காலம். காலை ஏழு மணிக்குள் மேடு ஏறிவிடுங்கள், பத்துக்கு மேல் நிழல் என்பதே கிடையாது, பகலில் 38 டிகிரி தாண்டும். காப்பகங்களில் பூவோ வேரோ பறிக்கக்கூடாது, தனியார் நிலத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். விதையை ஊருக்குக் கொண்டுவர அனுமதிச் சீட்டும் தாவரநலச் சான்றும் வேண்டும், விமான நிலையத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். முக்கியமாக, பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது. நான் இன்னும் சொறிந்துகொண்டிருக்கிறேன்.